பிந்தி வந்த வாரிசுகள்: ஸ்பானிய காலத்துக் காணி உறுதிகளும் அமெரிக்க நீதிமன்றங்களும்

2008 ஓகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு காணி வழக்கை முடித்துவைத்தது. ஸ்பானிய ஆட்சிக் காலத்திலிருந்து ஒரு தீவுக்கு உரிமை கோரிவந்த பாலி குடும்பத்தின் நூற்றுக்கணக்கான வாரிசுகள்தான் வழக்காளிகள். 2000ஆம் ஆண்டு பிரவுன்ஸ்வில் நகரில் விசாரணை நடந்தபோது ஜூரிகள் அவர்களின் பக்கம் நின்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் எல்லாம் தலைகீழாகியது. நீங்கள் ஏமாற்றப்படவில்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. நீங்கள் பிந்தி வந்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னது.

வடக்கில் மீள்குடியேறிய குடும்பங்களுக்குக் காணி விண்ணப்பங்களையும் முறைப்பாடுகளையும் எழுதிக்கொடுப்பதில் சில வருடங்களைச் செலவிட்டவன் என்ற வகையில், அந்தத் தீர்ப்பை என்னால் தூரத்து நாட்டுச் செய்தியாக வாசிக்க முடியவில்லை. உறுதி இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் யாருடைய காணி என்று தெரியும். ஆனாலும் காணி இல்லை. இது எப்படி நடக்கிறது என்பதை ஸ்பானிய உறுதிக்காரரின் வரலாறு எங்கள் வழக்குகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே கதை 150 வருடங்களுக்கு மேல் ஓடி, பெரும்பாலும் முடிந்துவிட்டது. எங்களுடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தத் தீவு. மெக்சிக்கோ வளைகுடாவில், டெக்சாஸ் கரையை ஒட்டி 113 மைல் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு கிடக்கிறது. பெயர் பாத்ரே தீவு. பாத்ரே என்றால் பாதிரியார்; எங்கள் ‘பாதிரி’யும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த அதே சொல்தான். தீவுக்குப் பெயர் கொடுத்தவர் நிக்கோலாஸ் பாலி என்ற கத்தோலிக்கக் குரு. அவர் அங்கே கால்நடைப் பண்ணை நடத்தினார், தீவை அளப்பித்தார், முறையான உறுதிக்கு விண்ணப்பித்தார். 1829 ஏப்ரலில் இறந்தார். அதே வருடம் டிசெம்பரில் மெக்சிக்கோவின் தமாவுலிப்பாஸ் மாநிலம் அவருடைய பெயருக்கும் மருமகன் ஹுவான் ஹோசே பாலியின் பெயருக்கும் உறுதியை வழங்கியது. விண்ணப்பித்தவர் உறுதி வரும் முன்னர் இறந்துபோவது எங்கள் கச்சேரிகளைக் கண்டவர்களுக்குப் புதிதாக இராது.

அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்த நிலத்தின் மேல் கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஸ்பெயின் ஏற்கெனவே போய் மெக்சிக்கோ வந்திருந்தது. 1836இல் டெக்சாஸ் தனிநாடாகப் பிரிந்தது, 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தது. பிறகு போர். 1848 பெப்ரவரி 2ஆம் திகதி கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையுடன் இன்றைய கலிபோர்னியாவும் நியூ மெக்சிக்கோவும் அவற்றைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அங்கே வாழ்ந்த மெக்சிக்கர்களின் சொத்துகள் மீறப்படாமல் மதிக்கப்படும் என்று உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை வாக்களித்தது. காணி நன்கொடைகளைப் பற்றி நேரடியாகப் பேசிய 10ஆம் உறுப்புரையை மட்டும் அமெரிக்க செனற் வெட்டி எறிந்தது. மெக்சிக்கோ கவலைப்பட்டபோது, அந்த வெட்டினால் சட்டபூர்வமான உறுதிகள் எதுவும் செல்லாமல் போகாது என்று மே மாதம் கெரெத்தாரோ நகரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் எழுதிக்கொடுத்தார்கள். உடன்படிக்கையிலிருந்து ஒரு பந்தியை நீக்கிவிட்டு, நீக்கியதால் ஒன்றும் ஆகாது என்று தனியாக ஒரு கடிதம்! ஒப்பந்தங்கள் எழுதப்பட்டதையும் கிழிக்கப்பட்டதையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

வாக்குறுதி அப்படியே இருக்க, நடைமுறைதான் காணிகளைத் தின்றது. கலிபோர்னியாவில் 1851இல் ஒரு சட்டம் வந்தது. ஸ்பானிய அல்லது மெக்சிக்க உரித்துள்ள ஒவ்வொருவரும் இரண்டு வருடங்களுக்குள் ஆணைக்குழுவின் முன் வந்து தமது உரிமையை நிரூபிக்க வேண்டும். வராவிட்டால் அது அரச காணி. 813 கோரிக்கைகள் பதிவாகின. பெரும்பாலானவை கடைசியில் ஏற்கப்பட்டன என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் ஒரு கோரிக்கை முடிவுக்கு வந்து இறுதி உறுதி கிடைக்கச் சராசரியாக 17 வருடங்கள் எடுத்தன. அந்த 17 வருடமும் சட்டத்தரணிக்கு, நில அளவையாளருக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு, வரிக்கு யார் காசு கொடுப்பது? காணியை விற்றுத்தான் காணி வழக்கை நடத்தினார்கள். வென்றவர்களில் பலரிடம் வென்றபோது காணி இருக்கவில்லை.

டெக்சாஸில் 1850இல் இதே வேலைக்காக இரண்டு ஆணையாளர்கள் எல்லையோர ஊர்களுக்குப் போனார்கள். மக்கள் தயக்கத்துடன் மூல உறுதிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பகுதியை ஏற்றிச் சென்ற ‘அன்சன்’ என்ற நீராவிக் கப்பல் மாத்தகோர்டா குடாவுக்கு அருகே மூழ்கியது. உறுதிகளும் அதோடு போயின. எரிந்த வீட்டில் உறுதியை விட்டு ஓடியவர்களும், முள்ளிவாய்க்கால் வரை பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுபோய் அங்கே தொலைத்தவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். பிரதி எடுப்பதற்கு, சத்தியக்கடதாசி முடிப்பதற்கு, சாட்சி தேடுவதற்கு அவர்கள் அலைந்த அதே அலைச்சலை அங்கேயும் அலைந்தார்கள். 1852இல் டெக்சாஸ் சட்டசபை பல உறுதிகளை ஏற்றுக்கொண்டது. பாலி குடும்பத்தின் தீவும் அவற்றுள் ஒன்று.

அப்படியானால் அவர்கள் ஏன் தோற்றார்கள்? 1938இல் கில்பர்ட் கெர்லின் என்ற இளம் நியூயோர்க் சட்டத்தரணி, தன் மாமாவுக்காக, பாலி வாரிசுகளைத் தேடி வந்தார். அவர்கள் தீவின் மீதான உரித்தை அவருக்கு எழுதிக்கொடுத்தார்கள். எண்ணெயோ எரிவாயுவோ கிடைத்தால் அதில் ஒரு சிறு பங்கு தமக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. தீவுக்கு வேறு உரிமை கோரிகளும் இருந்தார்கள். 1830இல் ஹுவான் ஹோசே பாலி தன் பங்கை ஒருவருக்கு விற்றதாக ஒரு பத்திரம். அந்த விற்பனை சில மாதங்களில் கைவிடப்பட்டது என்பது குடும்பத்தின் நிலைப்பாடு. 1940களின் தொடக்கத்தில் கெர்லின் அந்த மற்றத் தரப்புகளுடன் சமரசம் செய்து தீவின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டார். வாரிசுகளுக்கு எண்ணெய்ப் பங்கு வரவில்லை. அவர்கள் எழுதிக்கொடுத்த உரித்தே பெறுமதியற்றது, ஆகவே பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர் தரப்பு வாதம். எங்களுடைய உறுதியைக் கையில் வைத்துக்கொண்டுதானே சமரசமேசைக்குப் போனீர்கள் என்பது வாரிசுகளின் கேள்வி. வழக்கு 1993இல் போடப்பட்டது. ஜூரிகள் வாரிசுகளின் கேள்வியையே சரியென்று கண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் பார்த்தது வேறு இடத்தை. சமரசத் தீர்ப்பும் உறுதிகளும் நீதிமன்றப் பதிவகத்தில் பல பத்தாண்டுகளாகத் திறந்தே கிடந்தன. நியாயமான முயற்சி எடுத்திருந்தால் வாரிசுகள் அவற்றைக் கண்டிருக்கலாம். மோசடி மறைக்கப்பட்டிருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்த நாளோடு சலுகை முடிந்துவிடும் என்றது. எதிராளி மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. நியூயோர்க்கில் வாழ்ந்தவர்தானே கெர்லின் என்று வாரிசுகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிமாநிலத்தில் இருந்தவருக்கும் அழைப்பாணை அனுப்ப வழி இருந்தது, ஆகவே அந்தச் சலுகை இல்லை என்று அதுவும் தள்ளப்பட்டது.

சட்டப்படி இது விசித்திரமான தீர்ப்பு அல்ல. காலவரையறை இல்லாவிட்டால் எந்த உறுதியும் எக்காலத்திலும் நிலைக்காது என்பது நியாயமான வாதம்தான். என் கேள்வி அந்த ‘நியாயமான முயற்சி’ என்ற சொற்களைப் பற்றியது. யாருடைய முயற்சியை வைத்து அளக்கிறோம்? பண்ணைகளில் கூலிவேலை செய்த, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத எத்தனையோ ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் வாழ்ந்த எல்லைப்புறத்தில், பதிவகம் திறந்திருந்தது என்பதும் அது எட்டியது என்பதும் ஒன்றல்ல. எங்கள் ஊரில் தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்க ஆள் தேடியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

நியூ மெக்சிக்கோவின் கதை இன்னொரு வகை. அங்கே ஸ்பானியர் ஊருக்கே காணி கொடுத்தார்கள். 1794இல் சான் மிகுவெல் டெல் வாதோ என்ற இடத்தில் 52 பேருக்கு ஒரு காணி வழங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் வீட்டு நிலம், வாய்க்கால் பாயும் தோட்டத் துண்டு. மிச்சமெல்லாம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊர்ப் பொது. பரவைக் கடலும் மேய்ச்சல் தரவையும் பற்றைக் காடும் பொதுவாக இருந்த எங்கள் ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 315,000 ஏக்கரை ஊரார் கோரினார்கள். 1897இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டது: பொது நிலத்தின் சொந்தக்காரர் யார்? ஊரார் அதைப் பயன்படுத்தினார்கள், ஆனால் உரித்து ஸ்பானிய மன்னரிடமே இருந்தது. மன்னரிடமிருந்து மெக்சிக்கோவுக்கு, மெக்சிக்கோவிடமிருந்து அமெரிக்காவுக்கு என்று கணக்குப் போட்டது. ஊருக்கு மிஞ்சியது சுமார் 5,000 ஏக்கர். வீடும் தோட்டமும் மட்டும். மாடு எங்கே மேயும், விறகு எங்கே வெட்டுவது என்பது தீர்ப்பில் இல்லை. நியூ மெக்சிக்கோவில் இப்படிப் போன பொது நிலங்களில் பெரும்பகுதி இன்று தேசிய வனங்களுக்குள் இருக்கிறது.

இந்தத் தர்க்கம் இலங்கைக்கு அதற்கும் முன்னரே வந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் ஆட்களில்லாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று அனுமானித்தது. நிரூபிக்கும் பாரம் குடியானவனின் தலையில். கோப்பித் தோட்டங்களுக்காக மலையகத்தில் பெரிதும் பயன்பட்ட இந்த அனுமானத்தின் நிழல் இன்று வன்னியில் விழுகிறது. சனம் இடம்பெயர்ந்திருந்த இருபது முப்பது வருடங்களில் வயல் பற்றையாகி, பற்றை காடாகி, திரும்பிப் போனால் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. காடு ஏன் வளர்ந்தது என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடமில்லை.

இந்த வரலாற்றில் மோசடிக்காரரும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். ஜேம்ஸ் ரீவிஸ் என்ற ஆள் பெரால்ட்டா என்று ஒரு ஸ்பானியப் பிரபுவைக் கற்பனையில் உருவாக்கி, ஆவணக் காப்பகங்களில் கள்ளப் பத்திரங்களைச் செருகி, அரிசோனாவில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் கோரினார். 1895இல் வழக்குத் தள்ளுபடியாகி அடுத்த வருடம் சிறைக்குப் போனார். ஒரு ரீவிஸின் பெயரைச் சொல்லி ஆயிரம் உண்மையான வாரிசுகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க முடிந்தது. யாழ்ப்பாணத்தில் புலம்பெயர்ந்தோரின் காணிகளைக் கள்ள உறுதி முடித்து விற்கிறவர்களும் இதே கேட்டைத்தான் செய்கிறார்கள். நேர்மையாக அற்றோர்ணித் தத்துவம் கொண்டுவருகிறவரையும் பதிவகத்தில் திருடனைப் போலப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

சட்டத்தரணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூ மெக்சிக்கோவில் காசில்லாத ஊரார் வழக்குக் கூலியாகக் காணியின் மூன்றிலொன்றை, சில வேளை பாதியையே எழுதிக்கொடுத்தார்கள். தோமஸ் கற்றன் என்ற சட்டத்தரணி இப்படியும் வாங்கியும் சேர்த்து அப்பகுதியின் மிகப் பெரிய காணிச் சொந்தக்காரர்களில் ஒருவரானார். மெக்சிக்கர் காலத்தில், 1832இல், வழங்கப்பட்ட தியர்ரா அமரில்லா என்ற சுமார் 6 இலட்சம் ஏக்கர் ஊர்க்காணி அவர் கைக்குப் போனது. அந்தக் கோபம் மூன்று தலைமுறை கழித்து வெடித்தது. 1967 ஜூன் 5ஆம் திகதி ரெய்யேஸ் திஹெரினாவின் ஆட்கள் அவ்வூர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கிகளுடன் புகுந்தார்கள். நாடு முழுதும் அவர்களைப் பற்றிப் பேசியது. காணி திரும்பவில்லை.

இனி எங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒருவர் இன்னொருவரின் காணியை 10 வருடங்கள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் அது அவருடையதாகலாம். சிறுவர், மனநலம் குன்றியோர், கடல்கடந்து இருப்போர் ஆகியோருக்கு எதிராகக் கடிகாரம் ஓடாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 30 வருடங்கள் கடந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. இதைப் போர்க்காலத்தில் வைத்துப் பாருங்கள். 1990இல் காங்கேசன்துறையிலிருந்து ஓடி கனடா போனவருக்குச் சலுகை உண்டு. அதே ஊரிலிருந்து ஓடி மல்லாகம் முகாமில் கிடந்தவருக்கு இல்லை, ஏனென்றால் அவர் கடல் கடக்கவில்லை. கனடா போனவரின் 30 வருடமும் இப்போது முடிந்துவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க 2016இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தன் காணியைப் பேண முடியாமல் போனவர் வழக்குத் தொடரலாம் என்றது. நல்ல சட்டம். அதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். அப்போது வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்பிலவிலும் இன்னும் இராணுவ வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த இரண்டு வருடத்துக்குள் எத்தனை பேருக்கு இச்சட்டம் இருப்பதே தெரிந்திருந்தது என்று நான் கிராமக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கை உயர்த்தியவர்களை எண்ண ஒரு கை போதும்.

2025 மார்ச் 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியை நான் வாசித்தபோது கலிபோர்னியாவின் 1851ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நினைத்தேன். வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்ற அறிவித்தல் அது. அமெரிக்கர் கொடுத்தது இரண்டு வருடம். எங்களுக்கு மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் பின்வாங்கியது. காணி நிர்ணயக் கட்டளைச்சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் கீழ் இன்னொரு வர்த்தமானி வருவதற்குப் புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை.

வென்ற வழக்கு ஒன்றும் உண்டு, அதை விரிவாகச் சொல்லவேண்டும். கொலராடோ மாநிலத்தின் சான் லூயிஸ் ஊர், மெக்சிக்க அரசு 1844இல் வழங்கிய ஒரு பெரும் காணிக்குள் உருவானது. அதன் சொந்தக்காரராக வந்த சார்ல்ஸ் போபியன், குடியேறிகளுக்கு மலையில் மேய்ச்சல், விறகு, மரம் ஆகிய உரிமைகள் உண்டு என்று 1863இல் ஸ்பானிய மொழியில் ஒரு பத்திரம் எழுதிவைத்தார். 1960இல் ஜக் ரெய்லர் என்ற மரவியாபாரி அந்த மலையில் ஏறக்குறைய 77,000 ஏக்கரை வாங்கி வேலியடைத்தார். ஊரார் 1981இல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் மலையின் உரித்தைக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் நியூ மெக்சிக்கோ ஊர்களின் கதிதான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பயன்படுத்திவந்ததைத் தொடரும் உரிமையைக் கேட்டார்கள். 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் மேய்ச்சல், விறகு, மரம் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. முன்னைய வழக்கொன்றில் உரிமைகள் அழிந்துவிட்டன என்ற வாதமும் நிற்கவில்லை. பெரும்பாலான ஊராருக்கு அந்த வழக்கைப் பற்றி முறையாக அறிவிக்கப்படவே இல்லை என்று நீதிமன்றம் கண்டது. டெக்சாஸில் பதிவகம் திறந்திருந்ததே போதும் என்றார்கள். கொலராடோவில், ஆளைத் தேடிப்போய் அறிவித்தாயா என்று கேட்டார்கள். பாலி குடும்பத்துக்குக் கிடைக்காதது இந்த ஒரு கேள்விதான்.

எங்கள் சட்டத்தரணிகள் இந்த வேறுபாட்டை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தரவை, குளக்கட்டு, கரைவலைப்பாடு என்று தனியுறுதி இல்லாத நிலங்களே அதிகம் போகின்றன. அங்கெல்லாம் உரித்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் 1840இன் அனுமானம் குறுக்கே நிற்கும். அறிவித்தல் எந்த மொழியில் வந்தது, எங்கே ஒட்டப்பட்டது, அன்று அந்த ஊரில் வாசிக்க யார் இருந்தார்கள் என்பவற்றை இப்போதே பதிவு செய்து சத்தியக்கடதாசியாக வைத்திருக்கலாம். வயதானவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.

சான் லூயிஸில் தீர்ப்போடு வேலை முடியவில்லை. யார் வாரிசு என்று பிரித்தறிவதற்கு மட்டும் பத்து வருடங்களுக்கு மேல் சென்றது. இரத்த உறவு கணக்கில் எடுக்கப்படவில்லை. இன்று ஒருவர் வைத்திருக்கும் துண்டு, பழைய குடியேறி ஒருவரின் துண்டிலிருந்து வந்ததா என்பதையே பார்த்தார்கள். ஒவ்வொரு உறுதியாகப் பின்னோக்கிப் போய் ஒப்பிட்டார்கள். கடைசியில் ஆயிரக்கணக்கான துண்டுகளின் சொந்தக்காரருக்கு உரிமை ஏற்கப்பட்டது. மலை இன்னமும் தனியார் பண்ணைதான், படலையில் பூட்டும் இருக்கிறது. உரிமை உறுதியானவர்களிடம் அதன் திறப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. விறகு தேவைப்படும்போது திறந்துகொண்டு போகிறார்கள்.